ஒரகடத்து டிரம் அடுப்பும் கிறிஸ்துமஸ் ஹாமும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் காயலான் கடைக்குப் பஞ்சமில்லை. அங்கே 200 லிட்டர் இரும்பு டிரம்கள் அடுக்கி நிற்கும். பெயிண்ட் வந்தது, தின்னர் வந்தது, கூலன்ட் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கரி அடுப்பு கட்டக் கிளம்புகிறவரின் கண் முதலில் அவற்றின் மேல்தான் விழும். அவற்றில் ஒன்றைக்கூடத் தொடக் கூடாது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் முதல் குறிப்பு.

ரசாயனம் ஒட்டிய காலி டிரம் சட்டத்தின் பார்வையில் காலி டிரம் அல்ல. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள், முதல் அட்டவணையில் 33.1 என்ற எண்ணின் கீழ் அதைக் கழிவாகவே சேர்த்திருக்கின்றன. அனுமதி பெற்றவர்களிடம்தான் ஆலை அதை ஒப்படைக்க வேண்டும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. தின்னர் தீர்ந்த டிரம்மின் அடியில் ஆவி தங்கியிருக்கும். கிரைண்டர் பொறி பட்டால் டிரம்மே வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும், தகரத்தின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் எச்சம் அடுப்பு சூடேறும்போதெல்லாம் புகையாகி இறைச்சியில் இறங்கும்.

அப்படியானால் எந்த டிரம்? கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகள் பயன்படுத்தும் வகை நல்லது. கூழ் உள்ளே இருக்கும் கிருமி நீக்கிய பையில்தான் இருக்கும். இரும்பைத் தொடுவதே இல்லை. மேல்மூடி முழுதாகத் திறப்பதால் உள்ளே கைவிட்டுக் கழுவவும் முடியும். பேக்கரி, ஜூஸ் தொழிற்கூடங்களில் கேட்டால் இப்படிப்பட்டது கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் புதிய டிரம் வாங்கிவிடுவதே மேல். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

இந்த ஊரில் ஏன் ஹாம்?

ஸ்ரீபெரும்புதூர் 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிரசாதம்தான் இந்த ஊரின் பழைய ருசி. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. இரண்டு ஆண்டில் முதல் சான்ட்ரோ வெளியேறியது. 2000-இல் செயின்ட் கோபேன் கண்ணாடி ஆலை, 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான், 2012-இல் டெய்ம்லர் லாரி ஆலை. ஆலைகளோடு அவற்றின் சாப்பாடும் வந்தது. கொரிய எழுத்தில் பலகை மாட்டிய உணவகங்களில் மேசை நடுவே பன்றியின் வயிற்றுப் பகுதி சுடப்படுகிறது. பன்றிக் கால்முட்டியைக் கம்பியில் கோத்துச் சுழற்றிச் சுடுவது ஜெர்மானியர்களுக்குப் பழக்கமான விருந்து. அசாமிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களில் பலருக்குப் பன்றிக்கறி இல்லாத பண்டிகை பண்டிகையே அல்ல.

இதற்கெல்லாம் முன்பே, இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு இறைச்சியை உப்பில் ஊறவைத்துக்கொண்டிருந்தன. ஆகவே ஹாம் என்கிற, உப்பில் ஊறவைத்த பன்றித் தொடை சென்னைக்கு அந்நியமல்ல. அதைச் சுழற்றிச் சுடும் யந்திரத்துக்கு வேண்டிய மோட்டார், செயின், பேரிங், வெல்டிங் எல்லாம் நடை தூரத்தில் கிடைப்பதுதான் இந்தத் தொழில் வட்டாரத்தின் கூடுதல் வசதி. யந்திரம் இங்கே சுலபம். சிரமம் இறைச்சிப் பக்கம்தான். அதற்குப் பின்னால் வருவோம்.

டிரம்மை அடுப்பாக்குதல்

வழக்கமான 200 லிட்டர் டிரம்மின் விட்டம் 57 சென்டிமீட்டர் போல இருக்கும், உயரம் 88. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒன்று தொட்டி, ஒன்று மூடி. வெட்டும் முன் வாயைத் திறந்து, சோப்பு நீரால் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். வெட்டிய விளிம்பு கத்தி மாதிரி நிற்கும்; அதை மழுக்காமல் கீலும் கைப்பிடியும் பொருத்தத் தொடங்க வேண்டாம். கால்களுக்கு ஒன்றரை அங்குல ஆங்கிள் போதும். காற்றுக்கு அடியில் இரண்டு துளை, மூடியில் இரண்டு துளை, நான்குக்கும் திருகி அடைக்கும் தகடு.

உணவு டிரம் என்றாலும் உள்ளே அரக்குப் பூச்சு இருக்கும், வெளியே பெயிண்ட் இருக்கும். திறந்த வெளியில் விறகைக் கொட்டிக் கொழுந்துவிட்டு எரித்து, ஆறியதும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வெற்று இரும்பு தெரியும்வரை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு சமையல் எண்ணெயை மெல்லியதாகத் தடவி ஒருமுறை கரி மூட்டிவிட்டால் தோசைக்கல் பழகுவதுபோல் பழகிவிடும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. வலை எதுவும் அடுப்புக்குள் வரக் கூடாது. துத்தநாகம் 420 டிகிரிக்குச் சற்று முன்பே உருகிவிடும். கரித்தணல் அதைவிடச் சூடானது. அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்று எந்த வெல்டரும் சொல்வார்.

கரியை இறைச்சிக்கு நேர் கீழே கொட்டுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்வது. கொழுப்பு சொட்டும், தீ எழும்பும், வெளிப்புறம் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். கரி இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டி, துளையிட்ட தகட்டுக் கூடைகளில் இருக்க வேண்டும். நடுவில் தண்ணீர் ஊற்றிய தட்டு. சுருட்டிக் கட்டிய தொடைக்கறி 20 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், கம்பி டிரம்மின் வெட்டு மட்டத்தில் ஓடும்போது இறைச்சிக்குக் கீழே இன்னும் 18 சென்டிமீட்டர் மிஞ்சும். தட்டுக்கு அது தாராளம்.

கம்பி, மோட்டார், எதிர்ப்பளு

கம்பி சதுரமாக இருக்க வேண்டும். உருண்டைக் கம்பி சுழலும், இறைச்சி சுழலாது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி சரியான அளவு. எட்டு மில்லிமீட்டர் போதாதா என்று பட்டறையில் கேட்பார்கள். பேரிங்குகளுக்கு நடுவே 105 சென்டிமீட்டர் இடைவெளி, நடுவில் 4 கிலோ பளு என்று கணக்குப் போட்டால் 12 மில்லிமீட்டர் கம்பி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தொய்யும். எட்டு மில்லிமீட்டர் கம்பி 15 மில்லிமீட்டர் தொய்யும். கனம் ஒன்றரை மடங்கானால் விறைப்பு ஐந்து மடங்காகிறது. விலை வித்தியாசத்தைப் பார்த்து மெல்லிய கம்பிக்கு இறங்குகிறவர் இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டு இறங்கட்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று நம்பிவிடவும் கூடாது. மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் சுடலாம், ஆனால் ஹாமின் உப்புக்கு அது சீக்கிரம் துரு காட்டும்.

இறைச்சியை இருபுறமும் கவ்வ, இரண்டு கூர் கொண்ட பிடிகள் இரண்டு வேண்டும். திருகாணி போட்டுக் கம்பியில் இறுக்கிக்கொள்ளும்படி லேத்தில் செய்து வாங்கலாம். கம்பி உட்காரும் இடத்தில் டிரம்மின் இரு முனைகளிலும் பிளந்த பள்ளம் வைத்தால் இறைச்சியோடு அப்படியே தூக்கி எடுக்கலாம். தாங்குவதற்குப் பித்தளை புஷ் போதும். பிளம்மர் பிளாக் பேரிங் போட ஆசைப்பட்டால், சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சூட்டில் கிரீஸ் உருகி ஒழுகிவிடும்.

ஆட்களும் பிராணிகளும் கம்பி சுழற்றிய காலம் நீளமானது. இங்கிலாந்துச் சமையல்கட்டுகளில் சக்கரத்துக்குள் ஓடிக் கம்பியைச் சுழற்றுவதற்கென்றே குட்டைக் கால் நாய்கள் வளர்க்கப்பட்டன; 19-ஆம் நூற்றாண்டோடு அந்த இனமே இல்லாமல் போனது. லியனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டில் இன்னும் நேர்த்தியான யோசனை ஒன்று இருக்கிறது. புகைபோக்கிக்குள் எழும் சூடான காற்றே ஒரு விசிறியைச் சுழற்றும், அந்த விசிறி கம்பியைச் சுழற்றும். தீ கூடினால் கம்பியும் தானாக வேகமெடுக்கும். கட்டுப்பாட்டுக் கருவி தனியாக எதற்கு?

ஒரகடத்துக்காரருக்கு 12 வோல்ட் மோட்டார் இருக்கிறது. நிமிடத்துக்கு 5 சுற்று போதும். பத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. கடையில் 5 சுற்று அல்லது 10 சுற்று கியர் மோட்டார் கிடைத்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டையில் பழைய கார் வைப்பர் மோட்டார் கிடைக்கும். அது மெதுவான நிலையிலேயே 45 சுற்று போலச் சுற்றும். மோட்டாரில் 14 பல், கம்பியில் 42 பல் உள்ள பைக் ஸ்ப்ராக்கெட் போட்டுச் செயின் மாட்டினால் 15 சுற்றாகும். மிச்சத்தை வேகக் கட்டுப்பாட்டுப் பலகையால் மூன்றில் ஒன்றாக்கினால் 5. மோட்டாருக்கும் டிரம்முக்கும் நடுவே ஒரு தகட்டைத் தடுப்பாக வைக்க மறக்க வேண்டாம். பல வைப்பர் மோட்டார்களின் உட்பல் பிளாஸ்டிக்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். போதும்; 35 ஆம்பியர் மணி கார் பேட்டரி இன்னும் நல்லது. மூன்று ஆம்பியர் இழுத்தாலும் நான்கு மணி நேரத்தில் 12 ஆம்பியர் மணிதான் போகும். சமையல் பாதியில் மின்தடை வந்தாலும் கம்பி நிற்காது.

இத்தனையும் சரியாக இருந்தும் யந்திரம் விக்கி விக்கிச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் மோட்டாருக்குச் சக்தி போதாமல் அல்ல. இறைச்சியின் எடைமையம் கம்பியிலிருந்து விலகியிருக்கிறது. 4 கிலோ தொடை 3 சென்டிமீட்டர் விலகி உட்கார்ந்தால் 12 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கம். பாதிச் சுற்றில் மோட்டார் அந்தப் பளுவைத் தூக்க வேண்டும். மறுபாதியில் அது தானே விழுந்து மோட்டாரை இழுக்கும். பெரிய மோட்டார் போடுவது இதற்கு வைத்தியம் ஆகாது. விழும் பாதியில் இறைச்சி வேகமாகச் சரிந்து, கனமான பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் கீழே கூடுதல் நேரம் நிற்கும். ஒரு பக்கம் கருகியும் ஒரு பக்கம் வெளுத்தும் வரும் தொடைக்கு இதுதான் காரணம்.

டயர் கடையில் சக்கரத்தின் விளிம்பில் ஈயத் துண்டு ஒட்டும் அதே வேலைதான் இங்கேயும். செயினைக் கழற்றிவிட்டுக் கம்பியை இரண்டு புஷ்ஷின் மேல் வைத்துக் கையால் தள்ளிவிட வேண்டும். நிற்கும்போது எந்தப் பக்கம் கீழே வருகிறதோ அதுதான் கனத்த பக்கம். அதற்கு நேர் எதிரே, டிரம்முக்கு வெளியே கம்பியில் ஒரு கை பொருத்தி எடையைக் கட்ட வேண்டும்: 12 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிலோ, அல்லது 24 சென்டிமீட்டர் தள்ளி அரைக் கிலோ. எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும் கம்பியைச் சின்ன மோட்டாரும் சுகமாகச் சுழற்றும். வேகும்போது கொழுப்பு உருகி எடைமையம் மாறும் என்பதால், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எதிர்ப்பளுவைச் சற்று நகர்த்த நேரிடலாம்.

தொடை வாங்குவது, ஊறவைப்பது

ஊரில் சுற்றித் திரியும் பன்றியின் இறைச்சி இதற்கு ஆகாது. இதை நாசூக்காகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மனிதக் கழிவு தின்னும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் தங்கும். அரைவேக்காட்டில் அதைத் தின்றவருக்குக் குடலில் புழு வளரும். அவர் கழிவில் வரும் முட்டை தண்ணீர் வழியாகவோ கைவழியாகவோ இன்னொருவரின் வயிற்றுக்குள் போனால் மூளையில் கட்டி வந்து வலிப்பு நோயாகும். பன்றிக்கறியே தொடாதவருக்கும் இது வரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பற்றி நெடுங்காலமாக ஆராய்ந்து எழுதிவருகிறார்கள்.

கொட்டகையில் வளர்த்த வெண்பன்றி வேண்டும். சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் போய் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் வரும் காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெள்ளை யார்க்‌ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து அங்கே உருவாக்கிய ரகத்துக்குத் தனுவாஸ் கே.பி.எம். கோல்டு என்று பெயர். பண்ணை யாருடையது, தீவனம் என்ன, வெட்டும் இடத்தில் மருத்துவர் பார்க்கிறாரா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஐந்து கிலோ பின்தொடை வாங்கி எலும்பை உருவச் சொன்னால் 4 கிலோ போல மிஞ்சும். எலும்போடு இருக்கும் தொடை பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் கம்பி எலும்பை ஒட்டி ஒதுங்கித்தான் போக வேண்டியிருக்கும், சமநிலை கெடும். உப்பு எட்டும் முன்பே எலும்பை ஒட்டிய சதை கெட்டுப்போகும் அபாயமும் நம் ஊரில் அதிகம். ஐரோப்பியக் கிராமத்தில் குளிர்காலத்தில் பன்றி வெட்டியதற்குக் காரணம் பண்டிகை மட்டும் இல்லை; ஊரே குளிர்பெட்டியாக இருந்தது. டிசம்பர் ஒரகடத்தில் இரவிலும் 20 டிகிரிக்கு மேல். மழைக்காலம் வேறு முடிந்திருக்காது. ஃபிரிட்ஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. அதன் உள்வெப்பம் 4 டிகிரிக்குக் கீழே இருப்பதைத் தெர்மாமீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஹாமின் இளஞ்சிவப்பு நிறமும் அதற்கே உரிய ருசியும் சோடியம் நைட்ரைட்டிலிருந்து வருபவை. அதைத் தனியாக வாங்கி வீட்டில் அளக்கக் கூடாது. சில கிராம் ஆளைக் கொல்லும். 6.25 சதவீத நைட்ரைட்டும் மிச்சம் சாதா உப்புமாகக் கலந்து விற்கும் கியூரிங் உப்புதான் வேண்டும். குழப்பம் வரக் கூடாது என்று அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் போடுவார்கள். அந்தச் சாயத்தாலேயே இங்கே வேறொரு குழப்பம்: மளிகைக் கடை இந்துப்பும் இளஞ்சிவப்பு. இந்துப்பில் நைட்ரைட் கிடையாது. வெடியுப்பும் இதற்குப் பதில் ஆகாது.

4 கிலோ இறைச்சிக்கு 2 லிட்டர் தண்ணீர். இரண்டும் சேர்ந்து 6 கிலோ. கியூரிங் உப்பு 15 கிராம், அதாவது மொத்த எடையில் கால் சதவீதம். தூத்துக்குடி கல்லுப்பு 135 கிராம். நாட்டுச் சர்க்கரை 60 கிராம். இந்தக் கணக்கில் நைட்ரைட் பத்து லட்சத்துக்கு 156 பங்கு வரும். ஹாம் செய்பவர்களுக்குப் பழக்கமான அளவு இதுதான். கிராம் காட்டும் தராசு இல்லாமல், கண் அளவில், ஒரு சிட்டிகை கூடப் போட வேண்டாம். கிராம்பு, மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்துக் கொதிக்கவிட விரும்பினால், ஆறிக் குளிர்ந்த பிறகே கியூரிங் உப்பைக் கரைக்க வேண்டும். கரைசலில் 400 மில்லியைத் தடித்த ஊசியால் சதைக்குள் பல இடங்களில் ஏற்றி, மிச்சத்தில் மூழ்கவைத்து, தினம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். ஏழு நாள்.

அப்படியென்றால் காலண்டர் இப்படி ஓடும்: டிசம்பர் 16 அல்லது 17-ஆம் தேதி இறைச்சி வாங்கி ஊறப்போடுவது, 24 காலையில் எடுத்துக் கழுவித் துடைப்பது, பருத்தி நூலால் இரண்டு விரல் இடைவெளியில் இறுக்கிச் சுருட்டிக் கட்டுவது, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்து மேற்பரப்பை உலரவிடுவது. நள்ளிரவுப் பூசைக்குப் போய்வந்து தூங்கி எழுந்தால் 25 காலையில் அடுப்பு மூட்டலாம்.

இவ்வளவுக்கும் நேரமில்லாதவர் சென்னை கோல்டு ஸ்டோரேஜ் கடைகளில் முன்கூட்டியே சொல்லிவைத்து, வெந்த முழு ஹாம் வாங்கிக்கொள்ளலாம். அதன் நடுப்பகுதியில் 74 டிகிரி வரும்வரை சூடாக்குவதும் மேலே பாகு பூசுவதும்தான் வேலை. தோற்றத்தில் குறை தெரியாது. ருசியில் தெரியும்.

கரி

சீமைக்கருவேலத்தைத் திட்டாத தமிழர் இல்லை. 1877-இல் ஜமைக்காவிலிருந்து வந்த விதை அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பையில் விதைக்கப்பட்டது. பிறகு நடந்தது ஊரறிந்தது. நிலத்தடி நீரைக் கெடுக்கிறது என்று அதை வெட்டச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போனது. ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸில் இதன் பங்காளி மரத்துக்கு மெஸ்கீட் என்று பெயர். அந்தக் கரியில் சுட்டது என்று உணவகங்கள் பெருமையாக விளம்பரம் செய்கின்றன. ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் மூட்டம் போட்டு எடுக்கும் கரி அதற்குச் சளைத்ததல்ல. நல்ல சூடு, நீண்ட தணல். ஒரே குறை, பொறி பறக்கும். மூட்டிய பத்து நிமிடம் தள்ளி நிற்க வேண்டும், கதர் வேட்டியோடு கிட்டே போக வேண்டாம். சிரட்டைக் கரி பொறியில்லாமல் எரியும், புகையும் குறைவு; சீமைக்கருவேலக் கரியோடு கலந்து போடலாம்.

ஆலை வாசலில் மலைபோல் குவிந்திருக்கும் மரப் பேலட்டுகள் இலவச விறகு என்று தோன்றும். வெளிநாட்டிலிருந்து வந்த பேலட்டின் கட்டையில் கோதுமைக் கதிர் முத்திரையோடு எழுத்துகள் இருக்கும். எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு அடித்தது. இரண்டாவதை எதற்காகவும் கொளுத்தக் கூடாது. முதலாவதும் பெரும்பாலும் பைன் மரம். பிசின் புகை இறைச்சியைக் கறுப்பாக்கிக் கசக்கவைக்கும். அதன் மேல் என்ன எண்ணெய் சிந்தியது என்பதும் யாருக்கும் தெரியாது.

மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். அடிப்பக்கம் துளையிட்ட பழைய எண்ணெய் டின்னில் கரியை நிரப்பி, கீழே காகிதத்தைக் கொளுத்தினால் அரை மணிக்குள் சாம்பல் பூத்துவிடும்.

சுடுவது

இரண்டு கிலோ தணலை இரு கூடைகளிலும் பிரித்துப் போட்டு மூடினால் டிரம்மின் உள்ளே 150 முதல் 160 டிகிரி வர வேண்டும். கூடினால் கீழ்த்துளையைப் பாதி மூடலாம். முக்கால் மணிக்கு ஒருமுறை அரைக் கிலோ, முன்பே மூட்டிய கரியாகச் சேர்க்க வேண்டும். பச்சைக் கரியைக் கொட்டினால் சூடு படுத்துவிடும். ஏழு கிலோ கையிருப்பு இருந்தால் கவலையில்லை.

கிலோவுக்கு 50 நிமிடம் என்று கணக்கு. 4 கிலோவுக்கு மூன்று மணி இருபது நிமிடம் ஆகலாம். ஆனால் கடிகாரத்தை நம்பி இறக்கக் கூடாது. சுழலும் கம்பியில் ஒயர் வைத்த தெர்மாமீட்டர் சுற்றிக்கொள்ளும் என்பதால், மோட்டாரை நிறுத்தி, கம்பியில் படாமல் சதையின் தடிமனான நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். 71 டிகிரி காட்டினால் வெந்தது. உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது நைட்ரைட்டின் நிறம். அதே காரணத்தால் நிறத்தைப் பார்த்து வேக்காட்டை முடிவு செய்யவும் முடியாது.

பாகு பூசுவதில் அவசரம் கூடாது. உடன்குடிக் கருப்பட்டி 150 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி வடிகட்டி, இரண்டு கரண்டி புளிக்கரைசல், ஒரு கரண்டி கடுகுத்தூள், பொடித்த கிராம்பு, மிளகு சேர்த்துக் கம்பிப் பதத்துக்குச் சற்று முன்பே இறக்கிவிடலாம். மேலைநாட்டில் பழுப்புச் சர்க்கரையும் தேனும் போடும் இடம் இது. கருப்பட்டியின் கருகல் மணம் அவற்றில் கிடையாது. தொடக்கத்திலேயே தடவினால் இனிப்பு கரியாகும். உள்ளே 60 டிகிரி காட்டிய பிறகு, கடைசி அரை மணியில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று பூச்சு. மூன்றாவது பூச்சில் தோல் பளபளக்கும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவதுதான் பெரும்பாடு.

இறக்கியதும் வெட்டக் கூடாது. 25 நிமிடம் மூடாமல் வைத்திருந்தால் சாறு அடங்கும். பிறகு நூலை அறுத்துவிட்டு மெல்லியதாக, நாருக்குக் குறுக்கே அரிய வேண்டும்.

அடுப்பை எங்கே வைப்பது என்பதில் இரண்டு விஷயம். மழை வந்துவிட்டதென்று கார் ஷெட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது சாவை அழைப்பது. கரித்தணல் விடும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை. அடுத்தது அக்கம்பக்கம். ஒரே சுவரின் இருபுறமும் சைவக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் வாடகைக்கு இருக்கும் பகுதி இது. பன்றிக்கொழுப்புப் புகை யார் வீட்டு ஜன்னலுக்குள் போகிறது என்பதைப் பார்க்காமல் மூட்டக் கூடாது. டிசம்பரில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். மொட்டைமாடியின் தென்மேற்கு மூலை தோது. முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வருவது இன்னும் தோது.

மிஞ்சிய ஹாமை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். ஓரத்துத் துண்டுகளுக்கு இந்த வட்டாரமே ஒரு வழி சொல்லும். கொரியப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், அமெரிக்க ராணுவ முகாம்களைச் சுற்றி, அங்கிருந்து கிடைத்த ஹாமையும் சாசேஜையும் கிம்ச்சியோடு போட்டு மக்கள் கொதிக்கவைத்த குழம்புக்குப் புதே சிகே என்று பெயர், பட்டாளக் குழம்பு. கொரிய மளிகைக் கடையில் கிம்ச்சியும் மிளகாய் விழுதும் ஒரு பொட்டலம் நூடுல்ஸும் வாங்கினால் 26-ஆம் தேதி மதியச் சாப்பாடு ஆயிற்று. குழம்பில் உப்பை மட்டும் கடைசியில் பார்த்துப் போட வேண்டும். ஹாமிலேயே வேண்டிய உப்பு இருக்கும்.